நேரம் தந்தவர்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

முதலில் ஒரு சிறு அறிவித்தல். நான் கதைப்பது பழக்கமில்லாதவர்களுக்கு உடனே விளங்காது. அதனால் இவ்வுரையின் பிரதியை வாசலில் வைத்தே உங்கள் கைகளில் தந்திருக்கிறார்கள். மற்றவர்கள் பதினைந்து நிமிடத்தில் முடிக்கும் பேச்சுக்கு எனக்கு நாற்பது நிமிடம் வேண்டும். எங்கள் சங்கச் செயலாளர் நிகழ்ச்சி நிரலில் எனக்கு நாற்பது நிமிடமே ஒதுக்கியிருக்கிறார். நான் கேட்டு அவர் தரவில்லை. தாமாகவே கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு "தடைகளைத் தாண்டிய வாழ்வு". நல்ல தலைப்புத்தான். ஆனால் எனக்குத் தாண்டத் தெரியாது என்பது இங்கே என்னோடு படித்த எல்லோருக்கும் தெரியும். ஒரு படியில் ஏறுவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். என் வாழ்வில் இருந்த தடைகளில் நான் தாண்டியவை மிகக் குறைவு. மற்றவர்கள் நகர்த்தி வைத்தவை அதிகம். அவர்கள் எதை நகர்த்தினார்கள், எப்படி நகர்த்தினார்கள் என்பதைச் சொல்வதே பயனுள்ளது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவற்றை நீங்களும் செய்யலாம்.

என் நிலைமையைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். வைத்தியர்கள் "செரிபிரல் போல்சி" என்று சொல்வதைத் தமிழில் மூளை முடக்குவாதம் என்றும் பெருமூளை வாதம் என்றும் எழுதுகிறார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குக் கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் பாதிப்பால் தசைகளை ஆளும் திறன் குறைந்துபோவதே இந்த நிலை. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இது இருக்கக்கூடும் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். இது தொற்றாது. பெரும்பாலும் பரம்பரையாக வருவதுமில்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்புப் பின்னர் கூடுவதில்லை, முற்றாக மாறுவதும் இல்லை.

சிலருக்குத் தசைகள் இறுகிப்போகும். பெரும்பாலானோர் இந்த வகையினரே. சிலருக்குக் கைகால்கள் தம் எண்ணத்துக்கு மாறாக அசையும். வேறு சிலருக்கு உடலின் சமநிலை தளம்பும். நான் இரண்டாம் வகை. தேநீர்க் கோப்பையை எடுக்க நினைத்தால் என் கை முதலில் பக்கத்தில் இருப்பவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கோப்பைக்குப் போகும். முகத்திலும் நாக்கிலும் உள்ள தசைகளும் அப்படியே. அதனால்தான் பேச்சு இழுபடுகிறது. இந்த நிலை உள்ளவர்களில் மூவரில் ஒருவரால் நடக்க முடியாது. நால்வரில் ஒருவரால் கதைக்க முடியாது. ஏறத்தாழ இருவரில் ஒருவருக்கு அறிவு வளர்ச்சியிலும் குறைபாடு இருக்கும். மற்றப் பாதிப் பேருக்கு அப்படி இல்லை. ஆனால் எங்கள் ஊர்களில் கதைக்க முடியாத பிள்ளை என்றால் விளங்காத பிள்ளை என்றே முடிவு கட்டிவிடுகிறோம்.

தாய்மாருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த நிலையை விரிவாக எழுதிய இலண்டன் வைத்தியர் வில்லியம் ஜோன் லிற்றில், கடினமான பிரசவமே இதற்குக் காரணம் என்று கருதினார். 1897இல், பின்னாளில் உளப்பகுப்பாய்வுக்காகப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட், வேறொரு கருத்தைச் சொன்னார். சிசுவுக்குக் கருவிலேயே ஏற்பட்ட பாதிப்பின் விளைவாகவும் பிரசவம் கடினமாகியிருக்கலாம் என்றார். இன்று வைத்தியர்களும் பெரும்பாலான பிள்ளைகளில் பாதிப்புப் பிரசவ நேரத்தில் நிகழ்ந்ததல்ல என்றே சொல்கிறார்கள். ஆனாலும் "நான் அந்த நேரம் சரியாக முக்கியிருந்தால்" என்று ஐம்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுபது வயதுத் தாய்மார் இன்னும் அழுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

எனது காரணம் எங்களுக்குத் தெரியும். நான் 1968இல் பிறந்தேன். மூன்றாம் நாள் கடும் மஞ்சட்காமாலை. இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சட்பொருள் மிகவும் கூடினால் அது மூளையைத் தாக்கும். இன்று பிறந்த குழந்தையை நீல ஒளி விளக்கின் கீழ்க் கிடத்தி இதைத் தடுத்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்குக் கிடைக்கவில்லை. அம்மம்மா சந்நிதிக்கு நேர்த்தி வைத்தார். சாத்திரியார் செவ்வாயைக் குறை சொன்னார். பரியாரியார் எண்ணெய் தந்தார். அம்மம்மா அந்த எண்ணெயைப் பூசி நாள்தோறும் என் கைகால்களை நீட்டி மடக்கிவிட்டார். பல வருடங்களின் பின் என்னைப் பார்த்த இயன்மருத்துவர், "இதை யார் செய்தது? நல்ல வேலை செய்திருக்கிறார்" என்றார். அம்மம்மா அப்போது உயிரோடு இல்லை.

எனக்கு ஏழு வயதாகும்வரை எந்தப் பாடசாலையும் என்னைச் சேர்க்கவில்லை. இரண்டு இடங்களில் "மற்றப் பிள்ளைகள் பயப்படுவார்கள்" என்றார்கள். 1975 தை மாதம் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி இங்கே கொண்டுவந்தார். அன்றைய அதிபர் அம்மா அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "பிள்ளையின் பெயர் என்ன?" என்றார். என் பெயரில் ஐந்து எழுத்துகள். சொல்லி முடிக்க ஒரு நிமிடமாவது பிடித்திருக்கும். அப்பா இடையில் சொல்ல வாயெடுத்தார். அதிபர் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார். நான் சொல்லி முடித்ததும், "சரி, நாளைக்கு வரட்டும்" என்றார். என் பெயரை நானே சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்த முதல் வெளியாள் அவர்.

அவர் செய்த அடுத்த காரியம் இன்னும் எளியது. நான் படித்த காலம் முழுவதும் எங்கள் வகுப்பைக் கீழ்த்தளத்திலேயே வைத்தார். எட்டாம் வகுப்புக்கு வந்தபோது முறைப்படி நாங்கள் மேல்மாடிக்குப் போக வேண்டும். மேல்மாடியில் நல்ல காற்று வரும், மதிலுக்கு வெளியே வீதியும் தெரியும். அதற்காக எங்கள் வகுப்பு முழுவதும் ஆவலோடு காத்திருந்தது. அதிபர் அம்மா இரண்டு வகுப்புகளை இடம் மாற்றிப் பலகையில் எழுதிவிட்டுப் போனார். என்னால் மேல்மாடிக் காற்றை இழந்த தோழிகள் சிலர் இப்போதும் எதிரே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

பாடக் குறிப்பு எழுதுவது எனக்குப் பெரும் பாடு. ஒரு வரியை நான் எழுதி முடிப்பதற்குள் கரும்பலகையை அழித்துவிடுவார்கள். வகுப்பாசிரியை ஒரு பெட்டி காபன் தாள் வாங்கி வந்தார். எங்கள் வகுப்பில் முறை வைத்து ஒவ்வொருவரும் தம் குறிப்பின் கீழ்க் காபன் வைத்து எழுதி, இரண்டாம் பிரதியை எனக்குத் தந்தார்கள். சரித்திரம் ஒருவரின் வட்ட எழுத்தில் இருக்கும், விஞ்ஞானம் இன்னொருவரின் சாய்ந்த எழுத்தில் இருக்கும். கீழ்ப் பிரதி தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக அழுத்தி எழுதி விரல் நொந்ததாகப் பின்னாளில் ஒரு தோழி சொன்னாள். எனக்கு அது அப்போது தெரியாது. நான் சித்தியடைந்த ஒவ்வொரு பரீட்சையிலும் அந்த விரல்களுக்குப் பங்குண்டு.

இனி ஒரு விடயம். மேடையில் சொல்லத் தயங்குவார்கள். இது பெண்கள் கூடியிருக்கும் சபை, ஆகவே சொல்கிறேன். முதல் ஆறு வருடங்கள் நான் காலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டுக்குப் போகும்வரை, எட்டு மணி நேரம். காரணம் மலசலகூடம். அது இரண்டு படி உயரத்தில் இருந்தது. உள்ளே குந்தியிருக்க வேண்டும், பிடிக்க ஒன்றும் இல்லை. யாரிடமும் சொல்ல வெட்கம். நான் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைக் கவனித்தவர் தையல் ஆசிரியை. ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அடுத்த கிழமை ஒரு பழைய மரக் கதிரையின் நடுவில் துளை போட்டு, கால்களுக்குக் கட்டை அடித்து, உள்ளே வைத்தார்கள். சுவரில் ஒரு நீர்க்குழாய்த் துண்டைப் பிடியாகப் பூட்டினார்கள். படியின் மேல் ஒரு பலகை போட்டார்கள். அவ்வளவுதான்.

இது சிறிய விடயம்போலத் தோன்றலாம். நான் பெரியபிள்ளையானபோது வீட்டில், "இனிப் பள்ளிக்கூடம் போதும்" என்ற பேச்சு எழுந்தது. "அந்த நாட்களில் யார் இவளைப் பார்ப்பது?" என்று பெரியம்மா கேட்டார். அம்மா, "அங்கே ஒரு கதிரை வைத்திருக்கிறார்கள்" என்று சொன்னார். அந்தக் கதிரை இல்லாவிட்டால் என் படிப்பு ஏழாம் வகுப்போடு முடிந்திருக்கும். இன்றும் நம் பகுதியில் வலுவிழந்த பெண்பிள்ளைகள் பலர் பாடசாலையை விட்டு நிற்கும் வயது அந்த வயதுதான். அவர்களை நிறுத்துவது பாடத்தின் கடினம் அல்ல.

பரீட்சைகளில் மணி அடித்த பிறகும் எனக்காக ஓர் ஆசிரியை மண்டபத்தில் இருப்பார். மற்றவர்கள் போய்விடுவார்கள், காகம் கத்தும், நான் எழுதிக்கொண்டிருப்பேன். அவர் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பார். என்னை ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. ஒரு புள்ளியும் கூட்டிப் போட்டதுமில்லை. சாதாரண தரத்துக்கு மேலதிக நேரம் கேட்டுக் கல்லூரி முன்கூட்டியே விண்ணப்பித்தது. நேரம் கிடைத்தது. ஆறு பாடங்களில் திறமைச் சித்தி பெற்றேன். பின்னர் உயர்தரம், அதன்பின் வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம். மூன்று வருடத்தில் முடிக்க வேண்டியதை ஏழு வருடத்தில் முடித்தேன். அதில் போரும் பாதிக் காரணம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை இந்தச் சபையில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. அப்பா என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அம்மாவின் சேலையால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டார். தங்கை பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். நாவற்குழிப் பாலத்தடியில் கூட்டம் அசையவில்லை. ஓர் அடி வைக்க, நிற்க, மறுபடி ஓர் அடி. அன்று ஆரோக்கியமான கால்கள் உள்ள இலட்சக்கணக்கான மக்கள் என் வேகத்தில் நடந்தார்கள். யாரும் யாரையும் "விலத்து" என்று சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னார்கள். ஆனால் சைக்கிள் சரிந்தபோது முன்பின் தெரியாத நான்கு கைகள் எங்களைத் தூக்கி நிமிர்த்தின. அப்படிப் பிடிக்க ஆளில்லாமல் வீடுகளிலேயே விடப்பட்ட முதியவர்களும் வலுவிழந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை நினைக்காமல் அந்த இரவைப் பற்றிக் கதைக்க எனக்கு மனம் வருவதில்லை.

திரும்பி வந்த பிறகு வேலை தேடினேன். ஓர் அலுவலகத்தில் நேர்முகப் பரீட்சை. மூன்று பேர் இருந்தார்கள். என்னோடு வந்த தங்கையைப் பார்த்து, "இவவுக்கு இங்கிலிஷ் தெரியுமா?" என்று கேட்டார்கள். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது சொல்லிலேயே ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த வேலை கிடைக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அன்று பதினொரு பேரைப் பார்த்து முடிக்க வேண்டும்.

அதனால் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். என் உச்சரிப்பை விளங்கிக்கொள்ளக் கூர்ந்து கேட்டுப் பழகிய பிள்ளைகள், கேட்டு விளங்கும் பரீட்சையில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் கணினி வந்தது. மொழிபெயர்ப்பு வேலை எடுக்கத் தொடங்கினேன். விசைப்பலகையின் மேல், ஒவ்வொரு விசைக்கும் நேராகத் துளையிட்ட ஒரு மூடி வைத்திருக்கிறேன். கை தடுமாறினாலும் விரல் ஒரு துளைக்குள் மட்டும்தான் இறங்கும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும் என்று மாற்றிக்கொள்ளும் வசதி சாதாரண விண்டோஸ் கணினிக்குள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்கத் தேவையில்லை. இப்படி ஒரு விரலால் இருபது வருடமாக உழைக்கிறேன். மொழிபெயர்ப்பில் வாசகர் என் வேகத்தைப் பார்ப்பதில்லை, வசனத்தைத்தான் பார்க்கிறார்.

நாற்பத்தைந்து வயதுவரை தடியூன்றி நடந்தேன். மூளையின் பாதிப்புக் கூடாது என்று முன்பு சொன்னேன். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் மற்றவர்களைவிடப் பல மடங்கு பலத்தைச் செலவழித்த உடம்பு முன்னதாகவே தேய்ந்துவிடுகிறது. மூட்டு வலி, கழுத்து வலி, களைப்பு. மூளை முடக்குவாதத்தைச் சிறுபிள்ளைகளின் வருத்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். நாங்களும் வளர்கிறோம், எங்களுக்கும் முதுமை வருகிறது. நான் சக்கர நாற்காலிக்கு மாறியபோது உறவினர்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்தார்கள். "இவ்வளவு காலமும் நடந்தாயே, விட்டுவிட்டாயே" என்றார்கள். உண்மையில் அறையிலிருந்து முற்றத்துக்குப் போக முன்பு பத்து நிமிடம் பிடிக்கும், போனதும் களைத்து விழுவேன். இப்போது ஒரு நிமிடத்தில் போய், மிச்ச ஒன்பது நிமிடமும் முற்றத்து மல்லிகையைப் பார்க்கிறேன்.

நிறைவான வாழ்வு என்றால் என்ன என்று மாணவிகள் கேட்டு அனுப்பியிருந்தார்கள். இன்று எந்தச் சேலை உடுப்பது என்று நானே தீர்மானிப்பது. உழைத்த காசில் தங்கையின் மகளுக்கு ஒரு சோடி காப்பு வாங்கிக் கொடுப்பது. தேர்தலில் யாருக்கு வாக்களித்தேன் என்று வீட்டில் எவருக்கும் சொல்லாமல் இருப்பது. கோபம் வந்தால் கோபிப்பது, அதற்கு "பாவம், வருத்தக்காரப் பிள்ளை" என்று சொல்லாமல் மற்றவரும் திருப்பிக் கோபிப்பது. இவை எல்லாம் எனக்கு இருக்கின்றன.

என்னைவிடப் பெரிய காரியங்கள் செய்தவர்கள் இருக்கிறார்கள். அயர்லாந்தின் கிறிஸ்ரி பிறவுண் இடது காலால் எழுதியும் ஓவியம் தீட்டியும் புகழ்பெற்றார். 1954இல் வெளிவந்த அவருடைய "என் இடது பாதம்" என்ற சுயசரிதை பின்னர் திரைப்படமாகி ஒஸ்கார் விருதுகளும் பெற்றது. இந்தியாவின் மாலினி சிப் ஒரு சிறுவிரலால் தட்டச்சுச் செய்து தன் கதையை ஒரு நூலாக எழுதினார், இரண்டு முதுமாணிப் பட்டங்கள் பெற்றார். இவர்களைப் பற்றிக் கதைக்கும்போது நாம் அந்தப் பாதத்தையும் விரலையுமே வியக்கிறோம். பிறவுணின் தாய், பெரிய குடும்பத்தின் ஓயாத வேலைகளுக்கு நடுவில், நிலத்தில் உட்கார்ந்து அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். மாலினியின் தாய் மிது அலூர், மகளுக்குப் பாடசாலை கிடைக்காததால் 1972இல் மும்பையில் இத்தகைய பிள்ளைகளுக்காகத் தாமே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அந்தப் பாதத்துக்கும் விரலுக்கும் பின்னால் நேரத்தைச் செலவழித்த ஒரு பெண் இருந்தார்.

என் அயலில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. நடக்கவும் முடியாது, ஒரு சொல்லும் வராது. தாய் அவளை என்னிடம் கொண்டுவந்து, "இவளுக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் ஆட்களைப் பார்த்தால் சிரிப்பாள்" என்றார். நான் ஒரு கதை சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரித்தாள். அவளுக்கு விளங்குகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தமிழில் எழுத்துகள் 247. அவ்வளவையும் ஒரு பலகையில் எழுதினால் நடுங்கும் கையால் சுட்ட முடியாது. ஆனால் நம் மொழியின் அமைப்பு நமக்கு உதவுகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 கட்டங்கள் போதும். மெய்யைத் தொட்டு அடுத்து உயிரைத் தொட்டால் உயிர்மெய் ஆகிவிடும். ஒரு காட்போட் மட்டையில் பெரிய கட்டங்கள் கீறி, எழுத்துகளை எழுதி, கண்ணாடித்தாள் ஒட்டினோம். எழுத்துப் படிப்பிக்க எட்டு மாதம் பிடித்தது. அவள் கையை நாங்கள் யாரும் பிடிக்கவில்லை. பிடித்தால் அது எங்கள் சொல்லாகிவிடும் என்று தாயிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒருநாள் தாய் வழமைபோல மசித்த வாழைப்பழத்தோடு வந்தார். பிள்ளை மடித்த கையால் பலகையைத் தொட்டாள். வ். ஏ. ண். ட். ஆ. ம். ஆறு தொடுகை, ஏழெட்டு நிமிடம். ஒன்பது வருடமாகத் தினமும் அந்தப் பழத்தை விருப்பமில்லாமல் விழுங்கியிருக்கிறாள். தாய் அழுதார், பிள்ளை சிரித்தாள். இப்போது அந்த வீட்டில் வாழைப்பழம் வாங்குவதில்லை.

இனிச் சட்டம். எங்கள் நாட்டில் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வரக்கூடிய வசதி பற்றிய விதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளிவந்தன. 2011இல் உயர் நீதிமன்றம், புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமைய வேண்டும் என்று பணித்தது. வலுவிழந்தோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் எமது நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே நான் இனிக் கேட்கப்போவது தர்மம் அல்ல, விதியில் உள்ளதையே கேட்கிறேன்.

நூற்றாண்டு நினைவாக நாம் கட்டப்போகும் மூன்று மாடிக் கட்டடத்தின் வரைபடத்தை மண்டப வாசலில் மாட்டியிருக்கிறீர்கள். மிக அழகாக இருக்கிறது. நான் அதன் முன்னால் நெடுநேரம் இருந்து பார்த்தேன். முகப்பில் நான்கு படிகள். பக்கத்தில் சாய்வுப்பாதை இல்லை. மலசலகூடங்கள் எல்லாம் ஒரே அளவு, குறுகிய கதவு. வரைபடம் இன்னும் மாநகர சபையின் அனுமதிக்குப் போகவில்லை என்று அறிந்தேன். ஆகவே இன்று சொல்வதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

படி ஒன்று ஆறு அங்குலம் என்றால் நான்கு படிக்கு இரண்டடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆக இருபத்துநான்கு அடி நீளமான சாய்வுப்பாதை வேண்டும். முகப்பின் வலப்பக்கத்தில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு மலசலகூடத்தின் கதவு மூன்றடி அகலமாகவும், உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி வெளியும், சுவரில் இரண்டு பிடிகளும் இருந்தால் போதும். இப்போது வரைபடத்தில் கோடு போட்டால் செலவு சொற்பம். கட்டி முடித்தபின் உடைத்துச் செய்வதென்றால் பல மடங்கு செலவு, அநேகமாகச் செய்யவே மாட்டோம். அந்தச் சாய்வுப்பாதை எனக்கு மட்டும் அல்ல. பேரப்பிள்ளையின் பரிசளிப்பு விழாவுக்கு முழங்கால் வலியோடு வரப்போகும் பழைய மாணவிகளே, நீங்களும் அதில்தான் ஏறுவீர்கள்.

இரண்டாவது வேண்டுகோள் அதிபர் அவர்களுக்கு. வலுவிழந்த ஒரு பிள்ளை உள்ள வகுப்புக் கீழ்த்தளத்திலேயே நடைபெறும் என்பதைக் கல்லூரியின் எழுதப்பட்ட விதியாக்குங்கள். எங்கள் அதிபர் அம்மாவின் நல்ல மனத்தால் எனக்கு அது கிடைத்தது. அடுத்த பிள்ளை ஒருவரின் நல்ல மனத்தில் தங்கியிருக்கக் கூடாது. பரீட்சைக்கான மேலதிக நேரத்துக்கும் எழுதுவதற்கான உதவியாளருக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக நியமியுங்கள்.

மூன்றாவது, எங்கள் எல்லோருக்கும். உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு குழந்தை எட்டு மாதமாகியும் இருக்காவிட்டால், பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்தால், "நடக்கும், நடக்கும், அவன் தகப்பனும் பிந்தித்தான் நடந்தவன்" என்று சொல்லிக் காலத்தைக் கடத்தாதீர்கள். குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். மற்ற எல்லாவற்றிலும் பொறுமையாக இருக்கச் சொன்ன நான் இந்த ஒன்றில் மட்டும் அவசரப்படுங்கள் என்கிறேன். மூளை வேகமாக வளரும் அந்த முதல் வருடங்களில் தொடங்கும் பயிற்சி மிகவும் பயன் தரும்.

அப்படிப் பிள்ளை உள்ள தாய்மாரில் எங்கள் பழைய மாணவிகளும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஒன்றுகூடலுக்கும் வருவதில்லை. இன்றும் வரவில்லை. பிள்ளையை விட்டுவர ஆளில்லை. மாதத்தில் ஒரு பின்னேரம் ஒருவர் போய் அந்தப் பிள்ளையோடு இருந்தால் அந்தத் தாய் ஒரு கலியாண வீட்டுக்குப் போகலாம், அல்லது படுத்து உறங்கலாம். நிதி சேர்க்கத் தேவையில்லாத திட்டம் இது. பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். முதல் பெயராகச் செயலாளர் தமது பெயரை எழுதியிருக்கிறார்.

இந்தக் கல்லூரிக்கு நூறு வயது. அதில் பதின்மூன்று வருடங்கள் நான் இதன் நிழலில் இருந்தேன். என்னை நடக்க வைக்கவோ கதைக்க வைக்கவோ கல்லூரியால் முடியவில்லை, அதற்கு முயலவும் இல்லை. நான் வந்து சேரும்வரை பொறுத்திருந்தது, சொல்லி முடிக்கும்வரை கேட்டது. இன்று நீங்களும் அப்படியே கேட்டீர்கள். அடுத்த நூற்றாண்டில் இந்த வாசலுக்கு வரும் என் போன்ற பிள்ளைகளுக்கும் இது கிடைக்க வேண்டும் என்று வேண்டி, வரைபடத்தில் அந்த ஒரு கோட்டையும் போடுமாறு சபையைக் கேட்டு அமைகிறேன்.